தலையிலா, வண்டியிலா? திருகோணமலை வீதிகளுக்கு ஒரு கமரா

மோட்டார் சைக்கிளுக்குக் கமரா வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போனவுடன் கேட்பது "கோப்ரோ நல்லதா, டிஜேஐ நல்லதா?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எடுக்கிற வீடியோவை யார் பார்க்கப் போகிறார்கள்? கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்களுக்கு நிலாவெளி வீதியைக் காட்டுவதற்கு ஒரு கமரா. கந்தளாயில் டிப்பர் ஒன்று இடித்துவிட்டு, "இவர்தான் குறுக்கே வந்தார்" என்று அதன் சாரதி சாதித்தால் பொலிஸுக்குக் காட்டுவதற்கு வேறு கமரா. இரண்டையும் ஒரே கருவி செய்யும் என்று கடைக்காரர் சொல்வார். ஓரளவுக்குச் செய்யும்தான். ஆனால் ஒரு வேலைக்கு நன்மையாக இருக்கிற குணமே மற்ற வேலைக்குக் குறையாகிவிடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூதூருக்கோ கந்தளாய்க்கோ தினமும் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு, சாவியைத் திருப்பியவுடன் தானாகப் பதியத் தொடங்குகிற டாஷ்கேமை வண்டியிலேயே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்வது சரி. பயணத்தைக் காட்சியாக எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, முழுமுக ஹெல்மெட்டின் நாடிப் பகுதியில் பூட்டிய அக்ஷன் கமரா (கோப்ரோ, டிஜேஐ போல, ஓட்டத்தில் படமெடுக்கவென்றே செய்த சின்னக் கமரா). இவை இரண்டுக்கும் நடுவில், பலரும் செய்கிற தெரிவு ஒன்று உண்டு: அக்ஷன் கமராவை ஹாண்டிலில் பூட்டுவது. நான் யாருக்கும் சிபாரிசு செய்யாத தெரிவு அதுதான்.

ஹெல்மெட்டில் பூட்டினால்

ஹெல்மெட் கமராவின் பெரிய பலம், நம் கண் போகும் இடமெல்லாம் அதுவும் போகும் என்பது. இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறும்போது கடல் பக்கம் திரும்பிப் பார்த்தால் கடலும் பதியும். வளைவில் வண்டி சாய்ந்தாலும் தலை பெரும்பாலும் நேராகவே நிற்பதால் அடிவானமும் நேராக இருக்கும். எஞ்சினின் நடுக்கத்தையும் முதுகும் தோளும் கழுத்தும் வாங்கிக்கொள்கின்றன. கமராவுக்குள்ளே காட்சியை நிலைப்படுத்துகிற தொழில்நுட்பத்தைக் கோப்ரோ ஹைப்பர்ஸ்மூத் என்கிறது, டிஜேஐ ரொக்ஸ்டெடி என்கிறது. தலை அசைகிற அளவுக்கு மெதுவான அசைவைச் சரிசெய்வதில் இரண்டும் வெகு திறமையானவை. காட்சியின் அழகு மட்டும் முக்கியம் என்றால் ஹெல்மெட்டை வெல்ல வேறு இடம் இல்லை.

ஆனால் ஹெல்மெட்டை வாங்கியது கமராவுக்காக அல்ல. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்வேன்.

கோப்ரோ ஹீரோ 13 பிளாக் 159 கிராம், டிஜேஐ ஒஸ்மோ அக்ஷன் 5 ப்ரோ 146 கிராம். பூட்டும் தாங்கியையும் சேர்த்தால் 200 கிராமுக்குக் கிட்ட வரும். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வருகிற முழுமுக ஹெல்மெட்டின் ஒரு பக்கத்தில் அதை ஒட்டினால் கழுத்து முழுநேரமும் அந்தப் பக்கத்துக்கு இழுபடும். உச்சியில் ஒட்டினால் காற்று பிடித்துத் தலையைப் பின்னுக்குத் தள்ளும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் கிண்ணியாப் பாலத்தில் குறுக்குக் காற்றுக்கு எதிராக ஓடியவர்களுக்கு, தலையில் இருக்கிற சின்னப் பொருளையும் காற்று எப்படிப் பிடிக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

பாரத்தைவிடப் பெரிய விஷயம் விழும்போது நடப்பது. ஹெல்மெட்டின் வெளி ஓட்டை வழுவழுப்பாகச் செய்வதற்குக் காரணம் உண்டு. தார் வீதியில் தலை உரசும்போது அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும்; எதிலாவது மாட்டினால் தலை சடாரென்று சுழலும். மூளைக்குப் பாரதூரமான காயத்தை ஏற்படுத்துவதில் நேரடி அடியைப் போலவே இந்தச் சுழற்சிக்கும் பங்கு உண்டு. அதனால்தான் ஐரோப்பிய ஈ.சி.இ. 22.06 தரத்தில், பழைய 22.05 இல் இல்லாத சுழற்சிப் பரிசோதனையைப் புதிதாகச் சேர்த்தார்கள். அந்தப் பரிசோதனைக்குப் போன ஹெல்மெட்டில் நாம் கடையில் வாங்கி ஒட்டிய கமரா இருந்ததில்லை. ஆகவே ஹெல்மெட்டில் இருக்கிற தர முத்திரை, கமராவோடு சேர்ந்த அந்த ஹெல்மெட்டுக்கு உத்தரவாதம் தராது. இதைத் தெரிந்துகொண்டு பூட்டுவது ஒன்று, தெரியாமல் பூட்டுவது வேறொன்று.

பூட்டத்தான் வேண்டும் என்றால் இடம் நாடிதான். கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, தலையின் நடுக்கோட்டில், முகத்துக்கு அருகில் இருப்பதால் இழுவை குறைவு. ஹாண்டிலும் முன் கண்ணாடிகளும் காட்சியின் அடியில் தெரிவதால், பார்ப்பவருக்குத் தானே வண்டி ஓட்டுவது போன்ற உணர்வும் வரும். ஒட்டு அட்டையை ஒட்டுவதற்கு முன்னால் ஹெல்மெட்டின் வெளி ஓட்டை ஐசோபுரொப்பில் அல்ககோலால் துடையுங்கள். தின்னர், பெற்றோல் பக்கமே போகக்கூடாது; பொலிகார்பனேட் ஓட்டை அவை பலவீனமாக்கிவிடும். நல்ல ஒட்டு அட்டைகள் முழுப் பிடிப்புக்கு வர 72 மணித்தியாலம் எடுக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒட்டிவிட்டுச் சனிக்கிழமை விடியப் புல்மோட்டைக்குப் புறப்படுவது சரிவராது. துளை போடுவது, திருகாணி பூட்டுவது அறவே வேண்டாம். கமரா விழுந்துவிடும் என்று பயந்து அதை ஹெல்மெட்டோடு நாடா போட்டுக் கட்டுவதும் வேண்டாம். விபத்தில் கமரா கழன்று போவதுதான் நமக்கு நல்லது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், நம் ஊரில் பெரும்பாலானோர் போடுவது முகம் திறந்த ஹெல்மெட். வெயிலுக்கு அதுதான் வசதி. ஆனால் அதில் நாடி என்ற இடமே இல்லை. உச்சியிலோ பக்கத்திலோதான் ஒட்ட வேண்டியிருக்கும். அப்படி ஒட்டுவதைவிட ஒட்டாமல் விடுவது மேல். திறந்த ஹெல்மெட்டோடுதான் ஓடுவேன், தலைப்பக்கக் காட்சியும் வேண்டும் என்கிறவர்களுக்கு இன்ஸ்டா360 கோ 3எஸ் போன்ற பெருவிரல் அளவுக் கமரா ஒன்று இருக்கிறது. எடை 39 கிராம். காந்தத்தில் ஒட்டுகிற பதக்கத்தை உடுப்புக்குள்ளே போட்டு நெஞ்சிலும் மாட்டலாம். தனியாக அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஓடும் என்பதால் கோணேசர் கோயிலடி, உப்புவெளி போன்ற கிட்டத்து ஓட்டங்களுக்கே அது பொருந்தும்.

பெரிய கமராக்களின் பற்றரியும் அப்படியொன்றும் தாராளமில்லை. 4கே தரத்தில் ஓடவிட்டால் ஒன்றரை மணித்தியாலம் என்று கணக்கு வைப்பது பாதுகாப்பு. திருகோணமலையிலிருந்து ஹபரணைக்குப் போய்ச் சேரும் நேரத்துக்கே அது போதாமல் வரலாம். ஆகவே ஹெல்மெட் கமரா வைத்திருப்பவர்கள் வழி முழுவதையும் பதிவதில்லை. நல்ல இடம் வரும்போது போடுவார்கள், பிறகு நிறுத்துவார்கள். காட்சிக்கு அது போதும். விபத்து அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கமராவின் சொந்த மைக் 40 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் காற்றைத்தான் பதியும். பேசிக்கொண்டே ஓட்டுகிற வீடியோ எடுக்க நினைப்பவர்கள் ஹெல்மெட்டுக்குள், கன்னத் தலையணையின் ஓரத்தில் ஒரு மைக் வைத்தே ஆக வேண்டும். ஒஸ்மோ அக்ஷன் 5 ப்ரோ, டிஜேஐயின் கம்பியில்லா மைக்கோடு நேரடியாகச் சேர்ந்துகொள்ளும். கோப்ரோவில் கம்பி மைக் பூட்டுவதென்றால் தனி இணைப்பான் வாங்க வேண்டியிருக்கும். பேசி எடுப்பவருக்கு இந்த ஒரு வித்தியாசமே தெரிவை முடித்துவைக்கப் போதுமானது.

ஹாண்டிலில் ஏன் வேண்டாம்

ஒற்றை சிலிண்டர் 150 சிசி வண்டி நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடும்போது எஞ்சின் ஒரு வினாடிக்கு 83 தடவை சுற்றுகிறது. அந்த நடுக்கம் சேசிஸ் வழியாக ஹாண்டிலுக்கு வந்து, அதன் நுனியில் இன்னும் பெரிதாகிறது. கமராவின் சென்சர் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது. ஒரு படத்தை வாசித்து முடிப்பதற்குள் கமரா அசைந்துவிடுவதால் மின்கம்பங்கள் பாம்பு போல நெளியும், வீதி அலை அடிக்கும். இதை நிலைப்படுத்தும் தொழில்நுட்பத்தால் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. படத்தை மொத்தமாக நகர்த்துவதுதான் அதன் முக்கிய வேலை, இவ்வளவு வேகமான நடுக்கத்தில் படத்துக்குள்ளேயே வளைந்த கோடுகளை முற்றாக நிமிர்த்த அதனால் முடியாது. பொழுதுபட்ட பிறகு நிலைமை இன்னும் மோசம். வெளிச்சம் குறைய ஒவ்வொரு படத்தையும் கமரா நீண்ட நேரம் திறந்து எடுக்கும். அந்த நேரம் முழுவதும் நடுக்கம் மங்கலாகப் படியும்.

இதற்குப் பிறகும் கைத்தொலைபேசியை ஹாண்டிலில் மாட்டி வீடியோ எடுப்பவர்களைத் தினமும் காண்கிறோம். அதிவலு மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் நடுக்கம் ஐபோன் கமராவின் ஒளியியல் நிலைப்படுத்தலையும் தன்னியக்கக் குவியத்தையும் கெடுக்கலாம் என்று 2021 இல் அப்பிள் நிறுவனமே எச்சரித்திருந்தது. வழி பார்க்கப் போனை மாட்டுவதென்றாலும் ரப்பர் தணிப்பான் உள்ள தாங்கி வேண்டும். வீடியோவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

நடுக்கத்தை விட்டாலும், ஹாண்டில் திரும்பும்போது கமராவும் திரும்பும். ஒரு மாட்டை விலத்தி ஓட்டினால் காட்சி இடமும் வலமும் ஆடும். நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் கழற்றிப் பையில் போட வேண்டும். சந்தைக்கு ஒரு நிமிடம் இறங்கினாலும்தான். கழற்றிப் பூட்டிச் சலித்து, ஒரு மாதத்தில் அது வீட்டு அலுமாரிக்குப் போய்விடும்.

வண்டியிலேதான் அக்ஷன் கமரா வேண்டும் என்றால், நடுக்கம் மிகக் குறைந்த இடத்தைத் தேடுங்கள். ஸ்டீயரிங் கழுத்துக்கு அருகிலுள்ள சேசிஸ் பகுதி நல்லது. வண்டியோடு உறுதியாக இணைந்த முன் கிராஷ் கார்டும் பரவாயில்லை, ஆனால் விழுந்தால் முதலில் நசுங்குவது அதுதான். கண்ணாடித் தண்டும், பெற்றோல் தாங்கியிலே உறிஞ்சி ஒட்டும் வகையும் கூடாது. இங்கே மட்டும் பாதுகாப்பு நாடா கட்டாயம். கழன்ற கமரா முன் சில்லுக்குள் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாவியோடு எழும்பும் கமரா

மோட்டார் சைக்கிள் டாஷ்கேம் என்பது இரண்டு சின்ன லென்ஸ்களும் சீற்றுக்குக் கீழே வைக்கிற ஒரு பெட்டியும். ஒரு லென்ஸ் முன் விளக்கின் கீழே, மற்றது பின் இலக்கத் தகட்டின் மேலே. இனோவ், வயோஃபோ, திங்க்வேர் போன்ற கம்பனிகள் இதைச் செய்கின்றன. காட்சி அழகாக இராது. மட்கார்டும் வீதியும் தெரியும், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் எதையும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. சாவியைத் திருப்பினால் பதியும், நிறுத்தினால் நிற்கும், நினைவக அட்டை நிறைந்தால் மிகப் பழையதை அழித்துவிட்டுத் தொடரும். விபத்துக்கு அடுத்த கணம் "ஐயோ, இன்றைக்குப் போட மறந்துவிட்டேனே" என்ற பேச்சுக்கு இடமில்லை.

பின் லென்ஸ்தான் என்னைப் பொறுத்தவரை தீர்மானமான விஷயம். ஏ6 வீதியில் பஸ்கள் எப்படிப் பின்னால் முட்டிக்கொண்டு வருகின்றன என்பது ஓடுகிறவர்களுக்குத் தெரியும். ஹெல்மெட் கமரா முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும். பின்னால் இடித்தவனுடைய இலக்கம் அதில் ஒருபோதும் இராது. ஹெல்மெட் கமராவில் இன்னொரு சங்கடமும் உண்டு: நாம் எங்கே பார்த்தோம் என்பதை அது சொல்வதுபோல, எங்கே பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடும். உண்மை வெளிவர வேண்டும் என்ற அளவில் அது நல்லதுதான். ஆனால் சந்தியில் ஒரு கணம் கடைப்பலகையைத் திரும்பிப் பார்த்தபோது பக்கவாட்டில் வந்த வண்டி அதில் பதிந்தே இராது. வண்டியில் பூட்டிய லென்ஸ் கவனம் சிதறாமல் வீதியையே பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் பக்கத்தில் வழக்குக்குக் காரணமாகிற இன்னொரு விஷயம் கட்டாக்காலி மாடுகள். இருட்டில் வீதிக்கு நடுவே படுத்திருக்கும் மாட்டுக்காகத் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது பின்னால் வருகிறவர் இடித்தால், "காரணமில்லாமல் பிரேக் அடித்தான்" என்றுதான் அவர் சொல்வார். மாடு அதற்குள் எழும்பிப் போயிருக்கும். முன் லென்ஸில் மாடும், பின் லென்ஸில் இடித்த வண்டியும் இருந்தால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது: வயர் வேலை. பெரும்பாலான கருவிகளுக்கு மூன்று வயர்: ஒன்று பற்றரிக்கு நேராக, ஒன்று சாவி போட்டால் மட்டும் மின் வருகிற இணைப்புக்கு, ஒன்று பூமிக்கு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் மறுபடி தொடங்கியது. அதனால் இங்கே ஓடுகிற பல வண்டிகள் வயதானவை. வயரிங்கும் பல கை பட்டது. புதிய கருவியைக் கொடுப்பதற்கு முன்னால் சார்ஜ் அளவையும் பற்றரியையும் கராஜில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பியூஸ் இல்லாமல் பூட்ட விடாதீர்கள்.

நிறுத்தி வைத்திருக்கும்போதும் காவல் காக்கிற வசதி சில டாஷ்கேம்களில் உண்டு. மோட்டார் சைக்கிளில் அதை நிறுத்திவிடுவதே புத்தி. கணக்கு எளிது: அது கால் ஆம்பியர் இழுத்தால் 12 மணித்தியாலத்தில் 3 ஆம்பியர் மணி போய்விடும். சிறிய ஸ்கூட்டிகளின் பற்றரி மொத்தமே 3 முதல் 4 ஆம்பியர் மணிதான். விடியச் செல்ப் அடித்தால் டிக் டிக் என்று மட்டும் கேட்கும். ஸ்கூட்டியில் ஓடுகிறவர்கள், முக்கியமாக ஆசிரியைகள் பலர், "எங்கள் வண்டிக்கு இது சரிவராது" என்று நினைத்துவிடுகிறார்கள். காவல் வசதியை நிறுத்திவிட்டால் ஸ்கூட்டிக்கும் தாராளமாகச் சரிவரும். பெட்டியை வைக்க ஸ்கூட்டியின் சீற்றுக்குக் கீழேதான் இடம் கூட.

இலக்கத் தகடு தெரியுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 19 மீற்றர் ஓடுகிறோம். வினாடிக்கு 30 படம் எடுக்கிற கமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 65 சென்ரிமீற்றர் போய்விடுகிறது. எதிரே அதே வேகத்தில் வருகிறவரோடு கணக்குப் பார்த்தால் அது இரட்டிப்பு. ஆகவே 60 படம் எடுக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறதோ அவ்வளவுக்கு இலக்கம் சிறிதாகும். 170 பாகை என்று பெருமையாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். இரவில் நம் முன் விளக்கு, முன்னால் போகிற வண்டியின் மஞ்சள் தகட்டில் பட்டு எழுத்தெல்லாம் வெளிறிப்போகும். வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து வைத்தால் ஓரளவு வாசிக்கலாம்.

வெயில், உப்பு, மாரி

கருவிகளின் விளம்பரங்கள் எழுதப்படுவது குளிர் நாட்டை மனதில் வைத்து. கோப்ரோ ஹீரோ வரிசைக்குக் கம்பனி சொல்லும் உச்ச வெப்பநிலை 35 பாகை. ஒஸ்மோ அக்ஷன் 4 க்கு 45 பாகை. திருகோணமலையில் கச்சான் காலத்து மத்தியானத்துக்கு 35 பாகை அதிசயமில்லை. ஓடும்போது காற்று பட்டுச் சூடு இறங்கும். ரயில் கடவையில் நிற்கும்போதும், வெயிலில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கும்போதும்தான் கமரா தன்னை அணைத்துக்கொள்ளும். 4கே 60 (வினாடிக்கு 60 படம்) தேவையில்லாத இடத்தில் 4கே 30 இல் எடுப்பது, நிற்கும்போது அணைப்பது என்ற இரண்டு பழக்கமும் போதும். டாஷ்கேமில் உள்ளே லித்தியம் பற்றரி இருக்கிறதா, அதற்குப் பதிலாக மின்னைத் தேக்கிவைக்கிற சுப்பர் கப்பாசிட்டர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் சீற்றுக்குக் கீழே லித்தியம் ஊதிப்போகலாம், கப்பாசிட்டர் தாங்கும்.

மழைக்கு வருவோம். கோப்ரோ 10 மீற்றர், அக்ஷன் 5 ப்ரோ 20 மீற்றர் ஆழம் வரை நீர் புகாதவை என்பது உண்மை. ஆனால் அது கதவு பூட்டியிருக்கும்போது மட்டும். நீண்ட ஓட்டத்துக்குப் பவர் பாங்க் வயரைக் கொடுத்துக் கதவைத் திறந்து வைத்தால் கார்த்திகை மாரியின் முதல் துமியிலேயே உள்ளே தண்ணீர் போகும். ஹீரோ 13 க்கு காந்தத்தில் ஒட்டுகிற சார்ஜ் கதவு தனியாக விற்கிறார்கள். மழைத் தூறலைத் தாங்கும். டாஷ்கேமில் லென்ஸ்கள் நனையலாம், வயர் மூட்டுகள்தான் பலவீனம். சீற்றுக்குக் கீழே, தண்ணீர் தெறிக்காத பக்கமாக மூட்டுகளை எடுத்து, சூடாக்கினால் சுருங்குகிற குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள்.

உப்புக்கு விளம்பரத்தில் ஒரு வரியும் இராது. உட்துறைமுக வீதியிலும் நிலாவெளிப் பக்கமும் தினமும் ஓடுகிற வண்டியின் திருகாணிகளைப் பார்த்தாலே தெரியும். தாங்கியோடு வரும் இரும்புத் திருகாணியை முதல் நாளே கழற்றிவிட்டுத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி போடுங்கள். இரும்புக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். லென்ஸில் உப்பும் மணலும் படிந்திருந்தால் சாரத்துணியால் துடைக்காமல் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே 360 பாகைக் கமராவைக் கடற்கரை ஓட்டத்துக்கு யோசித்து வாங்கச் சொல்வேன். இரண்டு பக்கமும் லென்ஸ் வெளியே புடைத்து நிற்பதால் கீறல் தப்பாது. இன்ஸ்டா360 எக்ஸ்5 இல் லென்ஸை நாமே மாற்றலாம் என்பது அந்த வகையில் பெரிய முன்னேற்றம். எல்லாத் திசையும் ஒரே நேரத்தில் பதிவதால் பின்னாலிருந்து இடித்தவரும் அகப்படுவார் என்றாலும், ஒவ்வொரு வீடியோவையும் பிறகு உட்கார்ந்து வெட்டி எடுக்கப் பொறுமை வேண்டும்.

எங்கே அணைப்பது

திருகோணமலையில் இது சின்ன விஷயமில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியே பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான், அங்கே இராணுவம் இருக்கிறது. டொக்யார்ட் பக்கம் கடற்படை, சீனன்குடாவில் விமானப்படை. படைத்தளங்களைப் படமெடுக்கக்கூடாது. நாடியில் சிவப்பு விளக்கு மின்னுகிற கமராவோடு காவலரணில் நிற்பது நமக்கும் அந்தச் சிப்பாய்க்கும் தேவையில்லாத தலையிடி. ஹெல்மெட் கமராவைக் கோட்டை வாசலுக்கு முன்னரே கழற்றிப் பையில் போடுங்கள். அணைத்தால் மட்டும் போதாது, அணைத்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? டாஷ்கேம் கண்ணில் படாது என்பதற்காக அதை ஓடவிட்டுக்கொண்டு போவதும் சரியில்லை. பதிவை நிறுத்த ஹாண்டிலில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

முழுமுக ஹெல்மெட்டுக்கு 2015 இல் தடை கொண்டுவர எடுத்த முயற்சியை நீதிமன்றம் இடைநிறுத்தியது என்பதால் அதைப் போடுவதில் பயமில்லை. ஆனாலும் மறித்தால் முகத்தைக் காட்டுவது வழக்கம். நாடிக் கமரா மாட்டியபடி ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டுவது எவ்வளவு சிரமம் என்று கடையிலேயே ஒரு தடவை செய்து பாருங்கள்.

சாட்சியாகக் கொடுக்கும்போது

வீடியோவை நீதிமன்றம் ஏற்குமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம், சம்பவம் நடக்கும்போதே பதிவான ஒலி, காட்சிப் பதிவுகளைச் சான்றாக முன்வைக்க வழி செய்கிறது. கருவி சரியாக வேலை செய்தது, பதிவில் யாரும் கை வைக்கவில்லை என்பவை முக்கியம். ஆகவே விபத்து நடந்தால் முதல் வேலை, அட்டையைக் கழற்றி வைத்துக்கொள்வது. டாஷ்கேம் பழையதை அழித்துக்கொண்டே போகும் என்பதை மறக்க வேண்டாம். போனில் வெட்டி வட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டு நண்பர்களுக்குப் போதும். பொலிஸுக்கும் காப்புறுதிக்கும் மூலக் கோப்பு வேண்டும். பேஸ்புக்கில் போடுவதை வழக்கு முடியும்வரை தள்ளிவையுங்கள்.

கமராவின் திகதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவையாவது பாருங்கள். நேர வலயம் 5.30 கூட்டல் என்று இருக்க வேண்டும். ஜிபிஎஸ் இருந்தால் நேரமும் வேகமும் தானாக வரும். ஹீரோ 13 இல் அது இருக்கிறது, ஹீரோ 12 இல் இல்லை, அக்ஷன் 5 ப்ரோவிலும் உள்ளே இல்லை.

அட்டைக்குக் கஞ்சத்தனம் கூடாது. வினாடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் 4கே எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி போகும். 128 ஜிபி அட்டை மூன்று மணித்தியாலத்தை எட்டாது. அக்ஷன் கமராவுக்கு வி30 (எழுதும் வேகத்தின் குறி) என்று போட்ட அட்டை. டாஷ்கேமுக்கு, ஓயாமல் எழுதி அழிப்பதற்கென்றே செய்த நீடித்த ஆயுள் வகை. அதிர்வு உணரியைக் குறைந்த அளவில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியையும் விபத்தென்று எண்ணி அந்தத் துண்டுகளையெல்லாம் பூட்டி வைத்து அட்டையை நிரப்பிவிடும்.

காசு

வெளிவந்தபோது ஹீரோ 13 க்கு 399 டொலர், அக்ஷன் 5 ப்ரோவுக்கு 349, எக்ஸ்5 க்கு 549. இங்கே வரும்போது வரியும் இலாபமும் ஏறும். கொழும்பில் பம்பலப்பிட்டிப் பக்கம் விலை குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் கம்பனி உத்தரவாதமா, கடை உத்தரவாதமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்; பழுதானால் அங்கேதான் அனுப்ப வேண்டும். பழைய அக்ஷன் கமரா வாங்குவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, கதவின் ரப்பரும் சார்ஜ் துளையும் சுத்தமாக இருந்தால். பழைய டாஷ்கேம் வேண்டாம்; வயரை வெட்டிக் கழற்றியிருப்பார்கள்.

கையில் இருக்கிற காசு கமராவுக்கும் நல்ல ஹெல்மெட்டுக்கும் சேர்த்துக் காணாது என்றால் இந்த வருடம் ஹெல்மெட்டை வாங்குங்கள். இருக்கிற ஹெல்மெட் நல்லதென்றால், வேலைக்கு ஓடுகிறவர் இரண்டு லென்ஸ் உள்ள டாஷ்கேமை வாங்கி, புரட்டாதிக்குள் வயர் வேலையை முடித்துவிடுவது நல்லது. மாரி தொடங்கினால் கராஜில் ஆள் பிடிப்பதும் கஷ்டம், ஈரத்தில் போட்ட மூட்டும் நிலைக்காது.